பஹ்ரைனில் பாப்பம்மா வைத்த உலை

வெளிநாடு போன கதையைக் கேட்டால் பாப்பம்மா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். "பெங்களூருக்குப் பாத்திரம் தேய்க்கப் போனேன். அந்தப் பாத்திரமெல்லாம் பஹ்ரைனுக்குக் கெளம்புச்சு. கூடவே நானும் கெளம்பிட்டேன்."

சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் ஓசூரை அடுத்த தளிக்குப் பக்கத்து ஊரில் கவுடர் வீட்டு நிலத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள், பாஸ்போர்ட்டில் பெருவிரலை உருட்டிவிட்டு விமானம் ஏறப் போகிறாள் என்றபோது காலனியில் ஒருத்தரும் நம்பவில்லை. தளி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட வந்தவர்கள், சாயங்காலம் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தார்கள்.

பெங்களூரில் அவள் வேலை பார்த்தது மூர்த்தி என்ற இஞ்சினியர் வீட்டில். ஒரு கட்டடக் கம்பெனி அவரை பஹ்ரைனுக்கு மாற்றியது. அப்போது அவர் மனைவி முழுகாமல் இருந்தாள். "பாப்பம்மா வந்தா நான் வர்றேன். இல்லேன்னா நீங்க மட்டும் போங்க" என்று அந்த அம்மாள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். பாப்பம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புருஷன் ராமப்பன் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் காவேரிக்குப் பத்து வயது. மகளைத் தங்கை சாந்தம்மாவிடம் விட்டுவிட்டு, 1977 ஜூனில் கிளம்பிப் போனாள்.

மனாமா ஊருக்கு வெளியே, மணல் காட்டில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று மூர்த்திக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் பின்பக்கம் பாப்பம்மாவுக்கு ஒரு அறை. அதை ஒட்டி, மீன் வறுத்தால் வீட்டுக்குள் நாற்றம் வராமல் இருக்க ஒரு வெளி அடுப்படி. பின்வாசலைத் திறந்தால் நூறு தப்படி மணல். அதற்கப்பால் கம்பிவேலி போட்ட கேம்ப். மூர்த்தியின் கம்பெனி ஆட்கள் முப்பத்தொரு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். பர்கூர் பக்கம் பாறை உடைத்துப் பழகிய கல் வேலைக்காரர்கள் பாதிப் பேர். மீதியில் திருநெல்வேலிக்காரர்கள், மலையாளிகள், ஓசூர் சுற்றுவட்டாரத்து ஆட்கள். எல்லோரையும் மேய்த்தவன் மாடசாமி, திருநெல்வேலிக்கார ஃபோர்மேன். சமையல்காரன் ஆஞ்சப்பன் பாகலூர்க்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன்.

பாப்பம்மாவுக்கு மூன்று பாஷையும் ஒன்றுதான். ஆஞ்சப்பனோடு தெலுங்கு, வீட்டம்மாவோடு கன்னடமும் தமிழும் கலந்து, கடைக்காரனோடு கையும் நாலு அரபிச் சொல்லும். வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தை தூங்கியதும் வேலியோரம் போவாள். ஆஞ்சப்பன் உள்ளே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல காவேரிக்குக் கடிதம் எழுதுவான். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

கேம்பில் இன்னொருத்தனும் இருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். கவுடர் வீட்டுக் கடைசிப் பையன் நாராயணப்பன். காலேஜில் தவறி, அண்ணன்களோடு சண்டை போட்டுக்கொண்டு, ஸ்டோர் கீப்பராக இங்கே வந்திருந்தான். அவன் வீட்டு வாசலில் பாப்பம்மா கை ஏந்தித்தான் தண்ணீர் குடித்திருக்கிறாள். அவன் அம்மா எட்ட நின்று செம்பிலிருந்து ஊற்றுவாள். அரை டிராயர் போட்ட பையனாக இருந்தபோதே அவனை 'சின்ன கவுடரே' என்று கூப்பிட வேண்டும். ஒரே ஊர் என்று கேம்பில் அவனும் சொல்லிக்கொள்ளவில்லை, இவளும் சொல்லவில்லை.

நோவு வந்தது மறு வருஷம், நோன்பு மாதத்து வெயிலில். முதலில் ரேடியோவில் சொன்னார்கள். பிறகு சுகாதாரத்துறை வண்டிகள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றின. பழக்கடைகளையும் ஐஸ் வண்டிகளையும் மூடினார்கள். ஊசி போட நீள வரிசைகள் நின்றன. ஊரில் பேர் தெரியாத பயம் ஒன்று புகுந்துகொண்டது. மூர்த்தி வீட்டில் ஜன்னல்களுக்கு உள்ளே காகிதம் ஒட்டினாள் வீட்டம்மா.

"காத்துல வர்றதில்லீங்கம்மா" என்றாள் பாப்பம்மா. "இது வாந்திபேதி. தண்ணி வழியா வரும், கை வழியா வரும், ஈ வழியா வரும். காயிதம் ஒட்டினா நமக்குத்தான் புழுங்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல தான் என் ஊட்டுக்காரர் போனாரு."

ராமப்பனுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டபோது, பேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஊரில் தடுத்துவிட்டார்கள். ஒன்றரை நாள் அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். பாப்பம்மாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். மாட்டு வண்டியில் போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவன் கண் உள்ளே போய்விட்டிருந்தது; எதைக் கொடுத்தும் பிழைக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் இதே நோவோடு ஒரு கிழவர். நர்சம்மா உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் வாந்தி எடுத்தார், மறுபடி குடித்தார். மூன்றாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். பாப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரில் யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்ற பழக்கம் அவளுக்கு அன்றைக்கு வந்ததுதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலையில் கேம்பிலிருந்து மூன்று பேரை வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாவது ஆள் ஆஞ்சப்பன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பாப்பம்மாவைப் பார்த்து அவன் கையைத் தூக்கப் பார்த்தான். கை எழவில்லை.

அன்றைக்கே டாக்டர் ஒருவர் வந்து கேம்புத் தண்ணீர்த் தொட்டியைச் சோதித்தார். தொட்டிக்கு அருகே கழிவுக்குழாய் உடைந்து கசிந்திருந்தது. தொட்டிக்கு முத்திரை வைத்தார்கள். சமையல்கட்டையும் பூட்டினார்கள். மிச்சமிருந்த இருபத்தெட்டு பேரும் வேலியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. குளோரின் போட்ட தண்ணீர் லாரியில் வரும். சாப்பாட்டுக்குக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கம்பெனி எங்கே ஏற்பாடு செய்யும்? ஓட்டல்கள் பாதி நோன்புக்கு மூடியிருந்தன, மீதி நோவுக்கு மூடியிருந்தன. மூர்த்தி போன் மேல் போன் பேசினார். மத்தியானம் ரொட்டிப் பொட்டலம் வந்தது. ராத்திரிக்கும் அதே ரொட்டி. மறுநாள் அதுவும் பதினொரு மணிக்குத்தான் வந்தது. வேலியோரம் ஆட்கள் கத்தத் தொடங்கினார்கள்.

பாப்பம்மா குழந்தைக்குப் பால் புட்டியைக் கொதிக்க வைத்து எடுத்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மூர்த்தி முன்னால் போய் நின்றாள்.

"சாருங், நான் பொங்கிப் போடறேன். வெளி அடுப்படி இருக்குது. அரிசி பருப்பு, பெரிய பாத்திரம், நாலு சிலிண்டர் மட்டும் வேணும்."

மூர்த்தி நிமிர்ந்து பார்ப்பதற்குள் வீட்டம்மா குறுக்கிட்டாள். "உனக்குப் பைத்தியமா? அங்க போயிட்டு வந்து அந்தக் கையால என் குழந்தையைத் தூக்குவியா?"

"தூக்கமாட்டேன்மா. இன்னிக்கிலேர்ந்து குழந்தையத் தொடமாட்டேன். ஊட்டுக்குள்ளயே வரமாட்டேன். புட்டிய எப்பிடிக் கொதிக்க வெக்கறதுன்னு இப்பவே காட்டிக் குடுத்துட்டுப் போறேன், கத்துக்கிங்க. அது ஒண்ண மட்டும் மறந்துராதீங்க."

எட்டு மாதக் குழந்தை. பிறந்த நாள் முதல் இவள் மடியில்தான் தூங்கியது. இதைச் சொல்லிவிட்டு, பாப்பம்மா நின்று புட்டி வேலையைக் காட்டிக் கொடுத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அதற்கும் நேரம் இல்லை. இருபத்தெட்டு பேர் பசியில் இருந்தார்கள்.

அன்று மூன்று மணிக்கு அடுப்படியில் உலை கொதித்தது. முதல் நாள் கஞ்சிதான். அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கல் ஏற்றும் கைவண்டியில் அண்டாவை வைத்து, நூறு தப்படி மணலில் தானே தள்ளிக்கொண்டு போனாள். கேம்ப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சோப்புக் கட்டியையும் ஒரு வாளி தண்ணீரையும் முன்னால் வைத்தாள்.

"கை கழுவினவங்களுக்குத்தான் கஞ்சி."

"நாங்க என்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களா?" என்றான் ஒரு கல் வேலைக்காரன்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க சொன்னா கேக்கும். உங்களுக்குத்தான் சோப்புக் காட்ட வேண்டி இருக்குது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாடசாமி முதல் ஆளாக முழங்கை வரை கழுவிக்கொண்டு தட்டை நீட்டினான். அதற்கப்புறம் வரிசை தானாக நின்றது.

இரண்டாம் நாள் வேறு ஒரு சிக்கல். லாரித் தண்ணீரில் மருந்து நாற்றம் என்று ஆட்கள் குடிக்க மறுத்தார்கள். கழுதை வண்டியில் திருட்டுத்தனமாக நல்ல தண்ணீர் விற்கிற ஒருவன் வேலியோரம் வரத் தொடங்கியிருந்தான். பாப்பம்மா அவனை விரட்டப் போகவில்லை. லாரித் தண்ணீரை அண்டா அண்டாவாகக் கொதிக்க வைத்தாள். சீரகத்தைக் கருகாமல் வறுத்து அதில் போட்டாள். நாற்றம் அமுங்கியது, தண்ணீர் பொன் நிறமானது. ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது என்று ஒருவன் கேலி செய்துகொண்டே மூன்று டம்ளர் குடித்தான். இரண்டே நாளில் கழுதை வண்டிக்காரன் வருவதை நிறுத்திவிட்டான். பச்சை வெங்காயம் கேட்டவனுக்கும், தயிர் கேட்டவனுக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "கொதிச்சு எறங்கினதுதான் இந்த வாசலுக்கு வரும். ஆசப்பட்டதெல்லாம் ஊருக்குப் போய்த் தின்னு."

டாக்டர் தினமும் இரண்டு தடவை வண்டியோடு வருவார், காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. நாலாம் நாள் காலையில் அவர் அண்டாவைத் திறந்து பார்த்தார், சோப்பைப் பார்த்தார், பாப்பம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். தனக்குத் தெரிந்த இந்தியில், எங்கே படித்தாய் என்று கேட்டார். மூர்த்தி அதைத் தமிழில் சொன்னார்.

"ஓசூர் ஆஸ்பத்திரியில, மூணு நாள்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு கட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாராயணப்பன் மட்டும் சாப்பிடவில்லை. முதல் நாளே பாப்பம்மா கவனித்துவிட்டாள். அவன் வரிசையில் வருவான், கை கழுவுவான், தட்டில் வாங்குவான். வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போவான். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும், வாய் காய்ந்திருக்கும். பின்னால் மணலில் காக்கைகள் கூடும். அவளுக்குக் காரணம் விளங்காமல் இல்லை. சண்டைக்கும் போகவில்லை, கெஞ்சவும் இல்லை. அவன் தட்டில் மற்றவர்களுக்கு வைத்த அளவே வைத்தாள்.

கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வைத்திருந்தான் அவன். தொட்டிக்கு முத்திரை வைப்பதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரையும் பிடித்து வைத்திருந்தான் என்பது யாருக்கும் தெரியாது. அதில் டீ போட்டான். டீக்குக் கொதிக்க வைத்த தண்ணீரால் கெடுதல் இல்லை. டம்ளரைக் கழுவியதும், வெயிலில் தாகம் தாங்காமல் மொண்டு குடித்ததும் அதே வாளியில்தான்.

ஐந்தாம் நாள். காலை வண்டி போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். வேலியோரம் மாடசாமி கத்தினான்.

"யக்கா! நம்ம ஸ்டோர்க்காரன் விழுந்துட்டான். ஒரே வாந்தி. பேதி தண்ணியாப் போவுது. வண்டி போயிட்டே, இனிம சாயங்காலம்தான். என்ன செய்யதுன்னு தெரியலக்கா!"

மூர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். படுக்கை இல்லை, வண்டி எல்லாம் வெளியே இருக்கிறது, வரும்போது வரும் என்றார்கள். பாப்பம்மா பொட்டலக் கட்டையும் ஆறவைத்த தண்ணீர்க் குடத்தையும் எடுத்துக்கொண்டாள். பின்வாசலில் வீட்டம்மா நின்றாள்.

"உள்ள போனா நீ திரும்பி வர முடியாது, பாப்பம்மா. அவங்க விடமாட்டாங்க. நானும்..." முடிக்காமல் உள்ளே குழந்தை பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்மா. நீங்க சொல்றதும் நாயந்தான். புட்டியக் கொதிக்க வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"போதும்."

நாராயணப்பன் கட்டிலில் இல்லை, தரையில் சுருண்டு கிடந்தான். கால் சதை இழுத்துப் பிடித்து முடிச்சு முடிச்சாக நின்றது. உதடு வெளுத்திருந்தது. கன்னம் ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டிப்போயிருந்தது. பாப்பம்மாவுக்கு ஒரு நொடி வேறு முகம் தெரிந்தது. தலையை உதறிவிட்டு உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். டம்ளரில் கலக்கிய தண்ணீரை ஸ்பூனில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள்.

அவன் கண்ணைத் திறந்தான். யாரென்று பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டான்.

பாப்பம்மா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கன்னடத்தில் பேசினாள். ஊரில் அவனைப் பேர் சொல்லி அவள் பேசியதே இல்லை. "நாராயணப்பா. இங்க பாரு. எம்புருஷன் தண்ணி கேட்டுக் கேட்டுச் செத்தான். குடுக்க விடல. உனக்குக் குடுக்க ஆள் இருக்கேன், நீ வாய மூடிக்கினா எப்பிடி? குடி. ஊருல போய் நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்லமாட்டேன்."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வரவில்லை. வருவதற்கு உடம்பில் ஈரம் இல்லை. ஆனால் வாய் திறந்தது.

குடித்தான், வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்தாள். ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளர், பிறகு இன்னொரு டம்ளர். வாந்தி எடுத்தாலும் கை நிற்கவில்லை. அழுக்குத் துணிகளை மாடசாமி குளோரின் தண்ணீரில் போட்டான். இரண்டு பேர் மாறி மாறிக் காலைத் தேய்த்துவிட்டார்கள். மத்தியானச் சமையலை, பாப்பம்மா இருந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல, ஒருவன் வேலியோரம் நின்று அதைக் கத்த, வெளி அடுப்படியில் மூர்த்தி சமைத்தார். பெங்களூரில் காப்பிகூடப் போட்டறியாத மனுஷர். சோறு அடிப்பிடித்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

நாலு மணி சுமாருக்கு நாராயணப்பன் மூத்திரம் போனான். பாப்பம்மா மாடசாமியைப் பார்த்துச் சிரித்தாள். "ஆச்சு. உடம்புல தண்ணி நின்னுடுச்சு. இனிமே பயமில்ல."

பொழுது சாய வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். எத்தனை டம்ளர் போயிருக்கும் என்று கேட்டார். சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள் பாப்பம்மா. எண்ணிப் பார்த்துவிட்டு, இனிப் பயணம் தாங்குவான் என்று அவனை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவள் கேம்பை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் சொன்னார். குறைந்தது பத்து நாள்.

ஆண்கள் முப்பது பேர் இருக்கும் கேம்பில் ஒருத்தி எங்கே படுப்பாள்? அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. ஸ்டோர் அறையைக் காலி செய்யச் சொன்னாள். மாடசாமியைக் கூப்பிட்டு, "கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பாள் வேணும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டா போடுதேன்க்கா" என்றான். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போட்டான். பத்து நாளில் ஒருத்தன்கூட அந்தக் கதவைத் தட்டவில்லை. வெளி அடுப்படியிலிருந்த அண்டாவும் சிலிண்டரும் கேம்புக்குள் வந்தன. கொதிக்கும் தண்ணீரும் குளோரினும் போட்டுத் தேய்த்த சமையல்கட்டை டாக்டர் திறந்துவிட்டார். புதிதாக ஒருத்தருக்கும் நோவு வரவில்லை.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு குறைதான். வெள்ளிக்கிழமை வந்தது, கடிதம் எழுத ஆஞ்சப்பன் இல்லை. பஹ்ரைனில் நோவு என்று ஊரிலும் ரேடியோ சொல்லியிருக்கும். காவேரி என்ன நினைப்பாளோ? மாடசாமியிடம் டேப் ரிகார்டர் இருந்தது. ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது கேம்ப் வழக்கம். "நீங்களே பேசுங்கக்கா, எழுத்துல்லாம் எதுக்கு?" என்று அவள் முன்னால் வைத்தான்.

பாப்பம்மா முதலில் இருமினாள். பிறகு பேச்சு வந்தது. உடம்பு நல்லா இருக்குது, சாமி. இங்க முப்பது பேருக்குப் பொங்கிப் போடறேன். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாத. சித்தி பேச்சக் கேளு. தலைக்கு எண்ணெ வெச்சிக்க. இப்படியே போனது. நாராயணப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் முடித்து எழுந்தபோது, "கொஞ்சம் இரு" என்றான். நடந்து வந்து, டேப்புக்கு முன்னால் குந்தினான்.

"அம்மா, நாராயணப்பன் பேசறேன். எனக்கும் அந்த நோவு வந்துச்சு. இப்ப தேவல. பாப்பம்மா அக்கா கையால தண்ணி குடிச்சுத்தான் பொழச்சேன். அக்கா பொங்கறதத்தான் சாப்பிட்டுக்கினு இருக்கேன்."

பாப்பம்மா அவனைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கச் சொன்னாள். அந்தக் கேசட்டைக் கேட்க அவள் ஊரில் இருந்தது ஒரே ஒரு டேப் ரிகார்டர்தான் என்பது அவன் பேசி முடித்த பிறகே அவளுக்கு உறைத்தது. அது கவுடர் வீட்டில் இருந்தது. போன வருஷம் அவனே வாங்கி அனுப்பியது.

பதில் வர ஆறு வாரம் ஆனது. காவேரி முதல் தடவையாகத் தன் கையால் எழுதியிருந்தாள். குணமாகி வந்து, இன்னும் எலும்பாக இருந்த ஆஞ்சப்பன் அதை வேலியோரம் உட்கார்ந்து வாசித்தான்:

'அம்மா, கவுடர் வீட்டு வாசலில் வைத்து கேசட் போட்டார்கள். காலனியில் எல்லோரும் வந்தோம். உன் குரல் கேட்டதும் சித்தி அழுதாள். நான் அழவில்லை. சின்ன கவுடர் பேசினதும் அவர் அம்மா உள்ளே போய்விட்டார்கள். பெரிய கவுடர் நிறுத்து என்று கத்தினார். அப்புறம் அந்த அம்மா திரும்பி வந்து இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். இரண்டு தரம் கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டம் போடவில்லை.'

பாப்பம்மா அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். 'நான் அழவில்லை' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மகள்தான்.

நோவு அடங்கி, வீட்டுக்குள் வரலாம் என்றானபோது வீட்டம்மாவே பின்வாசலுக்கு வந்து குழந்தையை நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்து மிரண்டு அழுதது. இரண்டு நாளில் பழகிவிட்டது. ஆனால் பாப்பம்மாவுக்கு அதற்குள் புத்தி வேறு பக்கம் போய்விட்டிருந்தது. இருபத்தெட்டு பேருக்கு உலை வைத்த கைக்கு மூன்று பேர் சமையல் விளையாட்டாகத் தெரிந்தது. கேம்ப் ஆட்கள் மாடசாமியை அனுப்பி, அக்காவே வந்து சமைக்கட்டும், ஆஞ்சப்பன் துணைக்கு இருக்கட்டும் என்று மூர்த்தியிடம் கேட்டார்கள். மூர்த்தி தயங்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சரிங், வர்றேன்" என்றாள். "ஆனா வீட்டு வேலைக்காரியா இல்ல. கம்பெனி ஆளா. பேப்பர்ல எழுதிக் குடுங்க. வருசத்துக்கு ஒரு மாசம் ஊருக்குப் போவேன். பாஸ்போர்ட்டு எங்கிட்ட இருக்கணும்."

வீட்டம்மாவுக்கு மனத்தாங்கல்தான். அடுத்த வாரம் தானே தேடிப் பிடித்து ஒரு மங்களூர்ப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புட்டி கொதிக்க வைக்கக் கற்றுக்கொடுத்ததும் பாப்பம்மாதான்.

ஏழு வருஷம் அந்தக் கேம்பில் சமைத்தாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். கணக்குப் பிள்ளையின் அரபியைத் திருத்தும் அளவுக்குப் பாஷை வந்தது. நாராயணப்பன் மூன்றாம் வருஷமே கணக்கு முடித்து ஊருக்குப் போய்விட்டான். அதுவரை அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டான்.

1982-இல் அவள் விடுமுறைக்குப் போயிருந்தபோது தளி பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தாள். அண்ணன்மார்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் நின்றுகொண்டிருந்தான். பட்டுச் சேலையும் கையில் கடிகாரமுமாக இறங்கிய அவளைப் பார்த்தான், வாய் அசைந்தது, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டான். கடலுக்கு அப்பால் இருந்து சொன்ன சொல், ஊருக்குள் அவனுக்கு வரவில்லை. பாப்பம்மா நடந்து போய்விட்டாள். வலித்தது, ஆச்சரியப்படவில்லை. மறுவாரம் ஓசூர் சந்தையில் தனியாக எதிர்ப்பட்டு, "அக்கா, நல்லா இருக்கியா?" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

"நல்லா இருக்கேன், நாராயணப்பா. இதே வார்த்தய ஊருக்குள்ள கேளு. அப்ப உக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவன் கேட்டானா என்றால், இல்லை. அவளும் காத்திருக்கவில்லை.

1985-இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தவள் ஊருக்குப் போய்த் தங்கவில்லை. ஓசூரில் சிப்காட் பக்கம் வீடு பிடித்தாள். அங்கே அப்போது வாரத்துக்கு ஒரு தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலி, மதுரை, கோலார், சித்தூர் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு வேலை இருந்தது, வாய்க்கு ருசியாகச் சோறு இல்லை. ஒரு கம்பெனியில் கேன்டீன் எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றாள். பர்சனல் ஆபீசர், பெண்பிள்ளையால் மூன்று ஷிப்ட் சமாளிக்க முடியுமா என்று இழுத்தார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க. ஒருத்தர் வயித்து வலின்னு வந்தாலும் நானே போயிடறேன்" என்றாள்.

ஒரு வாரம் ஆறு வருஷமானது. தொழிலாளிக்கு ஒரு சாம்பார், ஆபீசருக்கு ஒரு சாம்பார் என்று வைக்கச் சொன்னபோது, "எனக்கு ரெண்டு உலை வெக்கத் தெரியாதுங்" என்று சொல்லிவிட்டாள். ஒரே சாம்பார்தான் போனது. ஐ.டி.ஐ. முடித்த காவேரிக்கு, சிப்காட்டிலேயே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்கு அம்மாவும் மகளும் சேர்ந்தே கிளம்புவார்கள்.

1991-இல் இரண்டாவது கம்பெனியும் அவளைக் கூப்பிட்டது. அறுநூறு பேர். புது அடுப்படியைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போன மேனேஜர் ஸ்டீம் பாய்லரைக் காட்டினார், டைல்ஸ் போட்ட தரையைக் காட்டினார், எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டார். பாப்பம்மா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங் சார்" என்றாள். "தண்ணித் தொட்டி எங்க இருக்குது? அத மொதல்ல காட்டுங்க."

மேனேஜர் ஏணி கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார். பாப்பம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.